சாம்பல் துணியில் பதினாறு கட்டங்கள்

நீராவி அக்காவின் வேலை போவதற்கு இன்னும் ஏழு மணி நேரம் பத்து நிமிடம் இருந்தது. மாலை ஆறு மணியோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள். அவள் துப்பறியும் அலுவலகத்தின் படியேறி வந்தபோது மணி பத்து ஐம்பது.

அலுவலகம் என்பது சைக்கிள் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறை. நாற்காலி இரண்டுதான். மூன்றாவதாக யாராவது வந்தால் குண்டூசி எழுந்து நிற்க வேண்டும். உடம்பு ஒல்லி, தலை பெரிது என்பதால் பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர் அது. இருபத்தொன்பது வயதாகியும் உடம்பு பெரிதாகவும் இல்லை, பெயர் போகவும் இல்லை. துப்பறிவது அவனுடைய அண்ணி. பதினான்கு வருடம் ஒரு கல்லூரியின் வேதியியல் கூடத்தில் வேலை பார்த்தவள். அங்கே காணாமல் போன பாதரசத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். எடுத்தவர் முதல்வர் என்பதால் வேலை போனது அண்ணிக்கு.

“துணியில சுருக்கம் விழுது, அதுக்கு துப்பறியணுமா?” என்றான் குண்டூசி. “இஸ்திரி போடறவங்ககிட்ட போனா சரியாப் போயிடுமே.”

“அந்த இஸ்திரி போடறவளே நான்தான் தம்பி,” என்றாள் நீராவி அக்கா.

குண்டூசி எழுந்து நின்றது நல்லதாகப் போயிற்று. உட்கார்ந்திருந்தால் இன்னும் அசிங்கமாக இருந்திருக்கும்.

அக்கா ஒரு போட்டோ ஸ்டூடியோவில் பதினொரு வருடமாக இருக்கிறாள். படமெடுக்கும்போது ஆளுக்குப் பின்னால் தொங்குமே, அந்தப் பேக்ரவுண்டு துணிகளைச் சுருக்கமில்லாமல் வைத்துக்கொள்வது அவள் பொறுப்பு. மூன்று வாரமாக எந்தப் படத்தைப் பார்த்தாலும் துணியில் கோடு கோடாக மடிப்பு. வாடிக்கையாளர்கள் படத்தைத் திருப்பித் தருகிறார்கள். ‘சோம்பேறித்தனம்’ என்ற ஒரே வார்த்தையில் அக்காவின் பதினொரு வருடம் முடிந்துவிட்டது.

“நீங்க என்ன செய்வீங்க, வரிசையா சொல்லுங்க,” என்றாள் அண்ணி.

“காலைல ஒன்பதரைக்கு குழாய்ல சுத்தி வெச்சிருக்கற துணிய பிரிச்சு மாட்டுவேன். ரெண்டு ஓரத்துலயும் கிளிப்பு போட்டு இழுத்துக் கட்டி, கீழ எடை தொங்க விடுவேன். அப்பறம் பின்பக்கமா நின்னு ஸ்டீமர்ல நீராவி பிடிப்பேன். முன்பக்கம் பிடிச்சா தண்ணி சொட்டி கறை விழும். சாயங்காலம் மறுபடியும் குழாய்ல சுத்திடுவேன். மடிக்கறதே கிடையாது மேடம். வீட்டுத் துணிய வேணா பந்தா சுருட்டி எறிவேன். அந்த சாம்பல் துணிய ஒரு தடவகூட மடிச்சதில்ல.”

அவள் பையிலிருந்து ஐந்து படங்களை எடுத்து வைத்தாள். எல்லாம் திரும்பி வந்தவை. ஒரு சிறுமி நின்றிருந்த படத்தில் முழுத் துணியும் தெரிந்தது. குறுக்கே மூன்று கோடு, நெடுக்கே மூன்று கோடு. அண்ணி பூதக்கண்ணாடியில் கோடுகளைப் பார்த்தாள். பிறகு முகங்களையும் பார்த்தாள். துணி கேசுக்கு இவ்வளவு நேரம் எதற்கு முகத்தைப் பார்க்கிறாள் என்று குண்டூசிக்கு விளங்கவில்லை.

“பதினாறு கட்டம்,” என்றாள் அண்ணி. “நாலு தடவ பாதி பாதியா மடிச்சிருக்காங்க. துணி எவ்வளவு?”

“அஞ்சடிக்கு ஏழடி.”

“மடிச்சா ஒண்ணேகால் அடிக்கு ஒண்ணேமுக்கால் அடி.”

“தலையணை சைஸ்,” என்றான் குண்டூசி.

“தலை வெச்சா இவ்வளவு ஆழமா கோடு விழாது. அதுவும் உன் தலைய வெச்சாலே விழாது. இது உக்கார்ற சைஸ்.”

மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை ஸ்டூடியோவைப் பூட்டிவிடுவார்கள் என்றாள் அக்கா. கவுண்டரில் இருக்கும் மாஸ்டரின் தங்கை அடுத்த தெருவிலுள்ள வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடுவாள். சாவி அவளிடம். படமெடுக்கும் மாஸ்டர் உள் அறையில் தூங்குவார். அக்கா மாடியில் பெரிய துணிகளைக் காயவைப்பாள். அதுவும் மூன்று வாரமாக மாஸ்டர் சொன்ன ஏற்பாடுதான்.

“காலைல எடுக்கற படத்துல மடிப்பு இருக்கா?”

“காலைல எடுக்கறதே இல்ல மேடம். எல்லாரையும் மத்தியானம் வரச் சொல்றார். அதுவும் மூணு வாரமாதான்.”

“காலைல எழுந்திரிக்க கஷ்டமா இருக்கும். எனக்கும் அப்படித்தான்,” என்றான் குண்டூசி. “சரி, உள்ள இருக்கறவர் மாஸ்டர். அப்ப அவர்தான்.”

அக்கா அவனைப் பார்த்த பார்வையில் ஸ்டீமரை விடச் சூடு இருந்தது.

“தன் படத்த தானே கெடுத்துக்குவாரா? அவருக்கு என்ன பைத்தியமா?”

அண்ணி அந்தக் கேள்வியை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

*

ஸ்டூடியோவுக்குப் போக ஒரு சாக்கு வேண்டியிருந்தது. வேலைக்கு விண்ணப்பம் போட குண்டூசிக்குப் படம் வேண்டும் என்று சொல்லலாம் என்றாள் அண்ணி.

“நம்புவாங்களா?”

“உனக்கு வேலை இல்லைனு சொன்னா யாரும் நம்புவாங்க.”

கவுண்டரில் மாஸ்டரின் தங்கை கம்ப்யூட்டரில் யாருடைய கன்னத்திலிருந்தோ ஒரு பருவை அழித்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும்; அண்ணனுக்கு இன்னும் ‘பாப்பா’தான். இரண்டரை மணிக்கு வரச் சொன்னாள். மூலையில் ஆள் உயரத்துக்கு ஒரு காகித ரோல் உறை பிரிக்காமல் நின்றது.

“இது எதுக்குங்க?” என்றான் குண்டூசி.

“நாளையில இருந்து துணிக்குப் பதிலா இதுதான். சுருக்கமும் கிடையாது, சுருக்கம் எடுக்க ஆளும் வேண்டாம்.”

அலமாரியில் ஒரு கேமராப் பெட்டி இருந்தது. மேலே தூசி. அண்ணி அதை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“அத ஏன் கேக்கறீங்க,” என்றாள் தங்கை, யாரும் கேட்காமலே. “முகம் எங்க இருக்குனு தானாவே கண்டுபிடிச்சு ஃபோகஸ் பண்ற கேமரா. ஆசையா வாங்கினேன். பெட்டியக்கூட பிரிக்கல. முகத்தக் கண்டுபிடிக்க மிஷின் எதுக்கு, நான் இருக்கேன்ங்கறார் எங்க அண்ணன்.”

வெளியே வந்ததும் குண்டூசி குரலைத் தாழ்த்தினான். “தங்கச்சிதான் அண்ணி. சாவி இருக்கு. காகிதம் வாங்கியாச்சு. அக்காவ வெரட்ட ஒரு காரணம் வேணும். பூட்டற மாதிரி பூட்டிட்டு, பின்னாடி வழியா வந்து மடிச்சு மேல உக்காந்துடறா. இல்லேன்னா ஒரு வாரம் உங்க ஸ்கூட்டர நான் கழுவறேன்.”

“அப்ப போய்ப் பாரு.”

“எங்க இருந்து?”

“படத்துக்குப் போட்டுக்கற கோட்டெல்லாம் தொங்குதே, அந்த அறையில இருந்து.”

*

தங்கை கம்ப்யூட்டரில் மூழ்கியிருந்த நேரம் பார்த்து குண்டூசி உள்ளே நழுவிவிட்டான். அந்த அறையில் பதினெட்டு கோட்டுகள் இருந்தன. ஊரில் படமெடுத்துக்கொண்ட அத்தனை பேரின் வியர்வையும் அவற்றில் இருந்தது. குண்டூசி ஒரு கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு மற்றக் கோட்டுகளோடு ஒன்றாக நின்றான். ஒரு மணிக்கு வெளிக்கதவு பூட்டும் சத்தம் கேட்டது. திரைச்சீலையை ஒரு விரல் அளவு விலக்கினான்.

எதிரே சாம்பல் துணி தொங்கியது. ஒரு கோடு இல்லை. தன் எதிர்காலம்கூட இவ்வளவு வழுவழுப்பாக இருந்ததில்லை என்று அவனுக்குத் தோன்றியது.

ஐந்து நிமிடத்தில் ஸ்கூட்டர் கழுவும் வேலை உறுதியாயிற்று. வந்தவர் மாஸ்டர்.

ஐம்பத்தெட்டு வயது, அகலமான ஆள். கிளிப்புகளை ஒவ்வொன்றாகத் தடவிக் கழற்றினார். துணியைப் பாதியாக மடித்தார். மறுபடி பாதி. மொத்தம் நான்கு முறை. மடிப்பை விரலால் நீவினார். பெஞ்சின் மேல் வைத்தார். அதன்மேல் உட்கார்ந்தார். பிறகு சாப்பாட்டு டப்பாவைத் திறந்து நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தார்.

குண்டூசி இன்னும் நன்றாகப் பார்க்கத் தலையை நீட்டினான். அவன் தலை நீண்டால் எதிலாவது இடிக்காமல் இருக்காது. ஒரு ஹேங்கர் தரையில் விழுந்தது.

மாஸ்டர் எழுந்து வந்தார். திரைச்சீலை பாதி விலகியிருந்தது. குண்டூசி மூச்சை நிறுத்தினான். மாஸ்டர் நேராக அவன் முகத்தைப் பார்த்தார்.

“யாரு, பாப்பாவா?”

குண்டூசி சுவராகிப் போனான். மாஸ்டர் சிறிது நேரம் நின்றார். பிறகு போய் மறுபடி துணியின் மேல் உட்கார்ந்து மிச்சத்தைச் சாப்பிட்டார்.

நாற்பது நிமிடம் கழித்துத் துணி பழைய இடத்தில் தொங்கியது. பதினாறு கட்டங்களோடு.

*

இரண்டு மணிக்குத் தங்கை கதவைத் திறந்து உள்ளே போனதும், கோட்டைக் கழற்றிவிட்டு நழுவி வெளியே வந்தான் குண்டூசி. தெருவோரம் சாத்தியிருந்த ஒரு கடையின் படியில் அண்ணி உட்கார்ந்திருந்தாள்.

“கேஸ் முடிஞ்சுது. குற்றவாளி ஒரு பின்பக்கம். மாஸ்டரோடது.”

அண்ணி ஆச்சரியப்படவில்லை. “துணி ஈரமா இருந்துதா?”

“தொட்டுப் பாக்காம எப்படி சொல்ல முடியும்?”

“லேசா இருந்திருக்கும். நீராவி பட்ட பருத்தித் துணிய மடிச்சு எடை வெச்சா, சொன்ன பேச்சு கேக்கும். சரி, பெஞ்சுல உக்கார கஷ்டமா இருந்திருக்குமோ?”

“அப்படித்தான் நானும் நெனச்சேன். மெத்தை போட்ட நாற்காலி பக்கத்துலயே இருக்கு. அதுல உக்காரல.” பிறகு அவன் முக்கியமான விஷயத்துக்கு வந்தான். “அண்ணி, நடுவுல மாட்டியிருப்பேன். அவர் நேரா என் மூஞ்சியப் பாத்தார். நான் அசையல. அப்படியே கோட்டோட கோட்டா ஆயிட்டேன். ‘பாப்பாவா’னு கேட்டுட்டுப் போயிட்டார். மறையறதுல என்னை அடிச்சுக்க ஆள் கிடையாது.”

“எவ்வளவு தூரத்துல நின்னார்?”

“ஆறடி இருக்கும்.”

அண்ணி நோட்டில் ‘6’ என்று எழுதிக்கொண்டாள். ஒரு பாராட்டுக்காகக் காத்திருந்த குண்டூசிக்கு அது கிடைக்கவில்லை.

“இப்பவே போய் தங்கச்சிகிட்ட சொல்லிடுவோம்.”

“ஏன்னு தெரியாம வாயத் தொறந்தா அவர் ‘நான் இல்ல’ம்பார். கூடப் பொறந்தவர நம்புவாளா, உன்னை நம்புவாளா?”

குண்டூசி தன்னை ஒருமுறை பார்த்துக்கொண்டான். அண்ணி சொன்னது நியாயம்தான்.

*

இரண்டரை மணிக்கு அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். பின்னால் கட்டம் போட்ட சாம்பல் துணி. அண்ணி கதவோரம் நின்றாள்.

“தோள கொஞ்சம் எறக்குங்க தம்பி. ஆமா. அழகா இருக்கீங்க,” என்றார் மாஸ்டர். நல்ல குரல். கேட்டால் யாருக்கும் முதுகு நிமிரும்.

கேமராவைத் தூக்கினார். ஆனால் லென்ஸ் குண்டூசியைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தது. யாராவது வந்துவிட்டார்களா என்று குண்டூசி திரும்பினான். துணிதான் இருந்தது.

“திரும்பாதீங்க.”

லென்ஸின் ஃபோகஸ் வளையம் சுற்றி நின்றது. பிறகு மாஸ்டர் நகத்தால் வளையத்தை ஒரு நூல் அளவு தள்ளினார். லென்ஸை அவன் பக்கம் திருப்பினார். அதற்குள் முதுகு அரித்ததால் குண்டூசி கொஞ்சம் முன்னால் சாய்ந்திருந்தான். கிளிக்.

கம்ப்யூட்டரில் படம் வந்தது. துணி நூல் நூலாகத் தெரிந்தது. மடிப்புகள் கத்தியால் கீறியதுபோல் இருந்தன. அவற்றுக்கு முன்னால், வெந்நீர் ஆவிக்குப் பின்னால் இருப்பதுபோல, ஒரு பெரிய தலை.

“இந்தப் படத்தக் குடுத்தா துணிக்குத்தான் வேலை கிடைக்கும்,” என்றான் குண்டூசி.

தங்கை தலையைப் பார்க்கவில்லை. கோடுகளைத்தான் பார்த்தாள். எழுந்துபோய் மாடிப்படிக்குக் கீழே நின்று குரல் கொடுத்தாள். அக்கா இறங்கி வந்தாள். கை ஈரமாக இருந்தது.

“இன்னிக்கு ஒரு நாளாவது ஒழுங்கா செஞ்சிருக்கக் கூடாதா? போற அன்னிக்குமா?”

“நான் காலைல...” என்று ஆரம்பித்த அக்கா நிறுத்திக்கொண்டாள். மூன்று வாரமாக இதே வாக்கியத்தைத்தான் ஆரம்பிக்கிறாள். அவள் மாஸ்டரைப் பார்த்தாள், ஒரு வார்த்தை சொல்வார் என்று. மாஸ்டர் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த லென்ஸ்.

குண்டூசி வாயைத் திறந்தான். அண்ணி அவன் காலை மிதித்தாள்.

“எங்களுக்கு அவசரமில்லங்க,” என்றாள் தங்கையிடம். “அக்கா இப்ப நீராவி பிடிச்சாங்கன்னா, அது காயறதுக்குள்ள இன்னொரு படம் எடுத்துடலாம். எங்க கண்ணு முன்னாடியே செய்யட்டும்.”

“பதினஞ்சு நிமிஷம்,” என்றாள் அக்கா. மாஸ்டர் மட்டும், “நாளைக்கு எடுத்துக்கலாமே,” என்றார்.

அக்கா ஸ்டீமரைப் போட்டாள். கிளிப்புகளை இறுக்கினாள். துணிக்குப் பின்னால் போய் நின்றாள். வெளியே அவள் கால் மட்டும் தெரிந்தது. மேலிருந்து நீராவி இறங்க இறங்க, முதல் குறுக்குக் கோடு மங்கியது. மூச்சு விட்டதுபோல் துணி தளர்ந்து விழுந்தது. அடுத்த கோடு. அடுத்தது. பதினாறு கட்டம் எட்டாகி, நான்காகி, கடைசியில் துணி என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. வெறும் சாம்பல் நிறம் நின்றது. தங்கைகூடக் கிட்டே வந்து பார்த்தாள்.

“எடுங்க மாஸ்டர்,” என்றாள் அக்கா.

மாஸ்டர் கேமராவைத் தூக்கினார். லென்ஸ் குண்டூசியின் தோளுக்குப் பின்னால் தேடியது. வளையம் இந்தப் பக்கம் சுற்றியது. அந்தப் பக்கம் சுற்றியது. மறுபடி இந்தப் பக்கம். ஒரு நிமிடம் ஆயிற்று.

“வெளிச்சம் சரியில்ல.”

“அதே விளக்குதான் அண்ணா,” என்றாள் தங்கை.

“பேட்டரி எறங்கிடுச்சு போல.”

“காலைலதான மாத்தினேன்.”

அண்ணி கதவோரத்திலிருந்து நகர்ந்து வந்தாள். அவள் யாரையாவது மடக்கும்போது குரல் உயரும். இப்போது தாழ்ந்திருந்தது.

“காலைல துணி இப்படித்தான் இருக்கும், இல்லையா மாஸ்டர்? ஒரு கோடுகூட இல்லாம. அதனாலதான் காலைல படமே எடுக்கறதில்ல.”

மாஸ்டரின் விரல் வளையத்தின் மேலேயே நின்றது.

“பெரிய கோடு ஒண்ணு இருந்தா, அது தெளிவாத் தெரியற வரைக்கும் வளையத்த சுத்தலாம். அங்க இருந்து முகம் எவ்வளவு தூரம்னு உங்க கைக்குத் தெரியும். அந்த அளவுக்குத் தள்ளிக்கிட்டா போதும். ஆடாம அசையாம உக்காந்தா கணக்கு சரியா வரும். இவன் அசைஞ்சான், தப்பிடுச்சு. திரும்பி வந்த படத்துலயும் சில முகம் இப்படித்தான் மங்கியிருந்துது.”

“என்ன பேசறீங்க?” என்றாள் தங்கை. “கோடு எதுக்கு? முகத்தப் பாத்து எடுக்கறார்.”

“மத்தியானம் கோட்டு அறை வாசல்ல இவன் நின்னான். கறுப்பு கோட்டு, இந்தத் தலை. ஆறடி தூரம். உங்க அண்ணன் நேரா பாத்துட்டு ‘பாப்பாவா’னு கேட்டார்.”

“நான் அப்ப வீட்லதான இருந்தேன்...” தங்கையின் வாக்கியம் பாதியில் நின்றது.

குண்டூசி ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்திருந்தான். தான் கோட்டோடு கோட்டாக மறைந்துவிடவில்லை என்பது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

மிச்சம் ஒரே ஒரு வாக்கியம்தான். அதை அண்ணி சொல்வதாக இல்லை.

முதலில் அசைந்தது நீராவி அக்கா. துணியின் முன்பக்கம் வந்தாள். குண்டூசியின் இடது தோளுக்கு மேலே, இன்னும் சூடு ஆறாத அந்தத் துணியை ஒரு கைப்பிடி அள்ளினாள். முழு பலத்தையும் சேர்த்து முறுக்கிப் பிழிந்தாள். கையை எடுத்தபோது அங்கே ஒரு பெரிய சுருக்கம் நட்சத்திரம்போல் விரிந்திருந்தது. பதினொரு வருடத்தில் அவள் கையால் விழுந்த முதல் சுருக்கம்.

“இங்க இருக்கு மாஸ்டர்,” என்றாள். “இதப் பிடிச்சுக்கிட்டு எடுங்க. ஆறு மணி வரைக்கும் நான் இருக்கேன்.”

“ஏய், என்ன பண்ற நீ...” என்று தங்கை ஓரடி முன்னால் வந்தாள்.

மாஸ்டர் கேமராவைத் தூக்கினார். வளையம் சுற்றியது. இந்தமுறை உடனே நின்றது. நகம் வளையத்தின் விளிம்புக்குப் போனது. குண்டூசி மூச்சைக்கூட அடக்கி, வாழ்க்கையில் முதல்முறையாக அசையாமல் உட்கார்ந்தான்.

கிளிக் சத்தம் வரவில்லை.

மாஸ்டர் கேமராவை இறக்கினார். இடது கையால் மேஜையின் விளிம்பைத் தடவிக் கண்டுபிடித்து, அதை அங்கே வைத்தார். தங்கை நின்ற பக்கம் திரும்பினார்.

“அவள அனுப்பாத பாப்பா. அவ மேல ஒரு தப்பும் இல்ல. எனக்குத்தான் கண்ணு தெரியல.”